ஒருபுறம் கண்ட சாட்சி

(சங்கரன்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்)



இவ்வறக்கட்டளையின் சார்பில் எனக்கு வந்த அழைப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. பேசும் பொருள் விஞ்ஞானமாக இருக்கவேண்டும். ஆயினும் விஞ்ஞானம் படியாத ஒருவரும் பாதியில் எழுந்து போகும்படி இருக்கலாகாது என்பதே அது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது எளிதன்று என்பதை அறிந்தே ஒப்புக்கொண்டேன். ஏனெனில் நான் பேச எண்ணிய பொருள், சுண்டுவிரல் நுனியளவுள்ள பிளாஸ்டிக் குப்பியொன்றில் அடங்கிவிடக்கூடிய சில துளித் திரவமேயாயினும், அதைக் கையாளுவதற்கு வேண்டிய விவேகம் எந்தத் தொழிலில் இருப்பவருக்கும் உரியதென்று பல ஆண்டுகளாக நான் கருதி வந்திருக்கிறேன். அத்திரவத்தை ஆய்வுக்கூடத்தார் ஆன்டிபாடி என்பர். பாடநூல்கள் எதிர்ப்பொருள் என்று வழங்கும். செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவின் நெருக்கடிக் காலப் புரதம் ஒன்றைக் கண்டுபிடித்துக் காட்டும் எதிர்ப்பொருளைப் பற்றியதே இன்றைய உரை.

நேற்று மாலை, சிவனும் திருமாலும் ஓருருவாய் நிற்கும் இவ்வூர்ச் சங்கரநாராயணர் சந்நிதியில் கூட்டம் மிகுந்திருந்தது. எனக்குக் கிடைத்த இடத்திலிருந்து, முன்னால் நின்றவர்களின் தோள்களுக்கு இடையே, மூர்த்தத்தின் ஒரு பாதி மட்டுமே தெரிந்தது. மழுவும் புலித்தோலும் உடைய பாதியை மட்டும் கண்டவன் சிவனைக் கண்டேன் என்பான். சங்கும் பீதாம்பரமும் உடைய பாதியை மட்டும் கண்டவன் திருமாலைக் கண்டேன் என்பான். இருவரும் பொய் சொன்னவர்கள் அல்லர், எனினும் இருவரும் இவ்வூர் மூர்த்தியைக் கண்டவர்களும் அல்லர். சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்னும் நாகர் இருவரிடையே எழுந்த வழக்கும், அதைத் தீர்க்கும்பொருட்டு கோமதியம்மை இயற்றிய தவமும் ஆண்டுதோறும் ஆடித்தபசில் நீங்கள் கொண்டாடுகிறவை. உங்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் அங்கு நின்றபோது, இத்தனை ஆண்டுகளாக என் மாணவர்களுக்குச் சொல்ல முயன்றதை இந்த ஊர் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது என்று எனக்குத் தோன்றியது.

என் கருத்து இதுவே: எதிர்ப்பொருள் ஒருபுறம் மட்டும் கண்ட சாட்சி. அது கண்டதைக் கண்டபடியே சொல்லும்; ஆனால் தான் காணாத பாதியைப்பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதன் வாக்குமூலத்தை எவ்வளவு தூரம் ஏற்பது என்று அளந்தறிவது ஆய்வாளனின் கடமை. இதனை ஆறு பகுதிகளாக விளக்குகிறேன்.

1. எதிர்ப்பொருள் அறிவது ஒரு முகத்தை

புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெறும் இவ்வூராருக்கு எதிர்ப்பொருளை அறிமுகம் செய்யப் பாம்பைக்காட்டிலும் பொருத்தமான துணை கிடையாது. பாம்புக்கடிக்கு மருத்துவமனையில் ஏற்றும் விஷமுறிவு மருந்து எதிர்ப்பொருள்களின் தொகுதியேயாகும். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில், 1978-ஆம் ஆண்டு தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றிலிருந்து விஷம் எடுத்து அளிக்கின்றனர். அவ்விஷத்தை மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் குதிரைக்கு ஏற்றினால், குதிரையின் உடல் அவ்விஷத்தின் பல கூறுகளைப் பற்றிக்கொள்ளும் புரதங்களைத் தன் இரத்தத்தில் உண்டாக்குகிறது. அந்த இரத்தத்தின் தெளிவிலிருந்தே மருந்து பிறக்கிறது.

ஆய்வுக்கூடத்து எதிர்ப்பொருளும் பெரும்பாலும் இவ்வகையிலேயே பிறப்பது; குதிரைக்குப் பதில் முயலோ சுண்டெலியோ, விஷத்துக்குப் பதில் நாம் தேடும் புரதமோ அதன் ஒரு துண்டோ, அவ்வளவே வேறுபாடு. முயலின் தெளிவில் பலவகை எதிர்ப்பொருள்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் புரதத்தின் வெவ்வேறு இடத்தைப் பற்றும். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும், எதிர்ப்பொருள் சுரக்கும் எலிச் செல்லை முடிவின்றிப் பெருகும் புற்றுச் செல்லோடு இணைத்து, ஒரேயொரு வகை எதிர்ப்பொருளை மட்டும் ஓயாது சுரக்கும் செல்குலத்தை உண்டாக்கினர். அதற்காக 1984-இல் யெர்ன் என்பவரோடு நோபல் பரிசையும் பெற்றனர்.

எவ்வகையினதாயினும், ஓர் எதிர்ப்பொருள் பற்றுவது புரதம் முழுவதையும் அன்று. பல நூறு அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலியில் ஐந்தாறு அமிலங்கள் அடங்கிய ஒரு சிறு பகுதியையோ, சங்கிலி மடிந்து உருவான மேற்பரப்பில் ஒரு சிறு வடிவத்தையோதான் அது அறியும். மடிப்பு அவிழ்ந்த புரதத்தை அறியும் எதிர்ப்பொருள், அதே புரதம் இயல்பாக மடிந்திருக்கையில் அறியாமற் போகலாம். இதற்கு நேர்மாறாகவும் நிகழலாம். ஒரு பரிசோதனையில் நற்சான்று பெற்ற குப்பி மற்றொரு பரிசோதனையில் மௌனம் சாதிப்பது இதனால்தான்.

2. தேடப்படும் புரதம் நெருக்கடிக் காலத்துச் செவிலி

1962-இல் இத்தாலிய விஞ்ஞானி ரித்தோசா, பழ ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பிச் செல்களில் குரோமோசோம்களின் சில இடங்கள் புதிதாகப் பருத்திருப்பதைக் கண்டு வியந்தார்; வெப்பப்பெட்டியின் சூடு தற்செயலாக உயர்ந்துவிட்டதே காரணம் என்று பின்னர் விளங்கியது. அச்சூட்டில் புதிதாக உண்டாகும் புரதங்களை 1974-இல் வேறு ஆய்வாளர் கண்டறிந்தனர். வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர் வழங்கலாயிற்று. வெப்பம் மட்டுமன்றிப் பட்டினி, நஞ்சு, பிராணவாயுக் குறைவு முதலிய வேறு இன்னல்களிலும் இவ்வினத்துப் புரதங்கள் பல பெருகுகின்றன. நல்ல காலத்திலும் செல்லுக்குள் ஓயாது வேலை செய்கின்றன. மடியத் தெரியாத இளம் புரதத்தை மடியச் செய்வதும், மடிப்புக் குலைந்ததைத் தாங்குவதும், தாங்கவொண்ணாததை அழிவுக்கு அனுப்புவதும் இவற்றின் பணி. இவற்றைச் செவிலிகள் என்று அழைப்பது தகும்.

மைட்டோகாண்டிரியா என்னும் பெயரை 1898-இல் பெண்டா சூட்டினார். கிரேக்கத்தில் நூலிழையையும் மணியையும் குறிக்கும் இரு சொற்கள் சேர்ந்தது அது. தமிழில் அதனை இழைமணி என்று ஆக்கியவர் யாரோ, தறியோசை கேட்டு வளர்ந்தவராக இருந்தால் வியப்பில்லை. உணவின் ஆற்றலைச் செல்லுக்குப் பயன்படும் வடிவில் மாற்றித் தரும் இவ்வுறுப்பு, தன் சொந்த மரபணுத் தொகுதியிலிருந்து மனித செல்லில் 13 புரதங்களை மட்டுமே ஆக்கிக்கொள்கிறது. மற்ற ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வெளியே உண்டாகின்றன; அவற்றுள் பல, மடிப்பு அவிழ்ந்த நூலாக, இரண்டு சவ்வுகளின் நுண்துளைகளைக் கடந்து உள்ளே வரவேண்டும். விசைத்தறிக் கூடங்களில் அச்சின் பல்லிடையே நூலை நுழைத்து மறுபுறத்திலிருந்து வாங்கி இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்கள். மைட்டோகாண்டிரியாவின் உட்புறத்தில் நின்று அவ்வாறு வாங்கி இழுக்கும் கையே நாம் தேடும் புரதம், வெப்ப அதிர்ச்சிப் புரதங்களுள் ஹெச்.எஸ்.பி. 70 என்னும் பெருங்குடும்பத்தில் மைட்டோகாண்டிரியாவுக்கென்று அமைந்த உறுப்பினர். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேட்ரிக் டிசில்வாவின் குழுவினர் இவ்விழுவிசையின் நுட்பங்களை ஈஸ்ட் செல்களைக்கொண்டு ஆராய்ந்துள்ளனர். பார்க்கின்சன் நோயாளரிடம் காணப்பட்ட இப்புரதத்தின் பிறழ்வுகள் மைட்டோகாண்டிரியாவை எவ்வாறு சீர்குலைக்கின்றன என்பதையும் 2012-இல் எடுத்துக்காட்டினர்.

3. இல்லை என்று எண்ணியது இடம் மாறியிருந்தது

இப்புரதத்துக்கு வழங்கும் பெயர்களுள் மார்ட்டாலின் என்பது ஒன்று. மரணமுடைமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து அப்பெயரை ஆக்கியவர்கள், ஜப்பானில் பணிபுரியும் இந்திய விஞ்ஞானி ரேணு வாத்வாவும் அவருடைய சகாக்களும். அவர்களது ஆராய்ச்சி மைட்டோகாண்டிரியாவில் தொடங்கியதன்று. சில செல்கள் குறித்த முறை பிரிந்து முதுமை எய்தி நின்றுவிட, வேறு சில செல்கள் சாவை மறந்தவைபோலப் பிரிந்துகொண்டே இருப்பது ஏன் என்னும் கேள்வியில் தொடங்கியது. சுண்டெலியின் சாவுடைய செல்களை அரைத்துப் பிரித்தெடுத்த செல்சாற்றில் 66 கிலோடால்டன் எடையுள்ளதாக அப்போது மதிப்பிட்ட ஒரு புரதம் காணப்பட்டது. சாவற்ற செல்களின் சாற்றில் அது காணப்படவில்லை. இங்கேயே நிறுத்தியிருந்தால், சாவுள்ள செல்லில் இருப்பது, சாவற்ற செல்லில் இல்லாதது என்று சுருக்கமான முடிவொன்று கிடைத்திருக்கும்.

அப்புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கி, அரைக்காத முழுச் செல்களின்மீது இட்டு, ஒளிரும் சாயத்தின் துணையோடு நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் உண்மையின் மறுபாதி தெரிந்தது. சாவுள்ள செல்களில் ஒளி உட்கருவுக்கு வெளியே எங்கும் சீராகப் பரவியிருந்தது. சாவற்ற செல்களில் அதே ஒளி உட்கருவைச் சூழ்ந்து ஒருபுறமாகத் திரண்டிருந்தது. 1993-இல் வெளியான அந்த ஆய்வு, இல்லை என்று எண்ணப்பட்டது வேறிடத்தில் இருந்ததென்பதைக் காட்டிற்று. அரைத்துப் பார்க்கும் முறை அளவைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. எதிர்ப்பொருளால் இடம் காணும் முறை இடத்தைச் சொல்லும், அளவைத் திட்டமாகச் சொல்லாது. தனித்தனியே குறைவுடைய இரு சாட்சிகளை ஒருங்கே விசாரித்ததில் ஒரு புதிய துறையே பிறந்தது.

1998-இல் அதே குழுவினர், புற்றுநோயைத் தடுக்கும் காவலனாகிய பி53 என்னும் புரதத்தை மார்ட்டாலின் பற்றி முடக்குகிறது என்று கண்டனர். மார்ட்டாலினுக்கு எதிரான எதிர்ப்பொருள்களுள் சில, உயிருள்ள செல்லுக்குள் தாமே புகுந்துவிடும் அபூர்வ குணம் உடையவை என்பதும் பின்னர்த் தெரியவந்தது. குவாண்டம் புள்ளி எனப்படும் ஒளிரும் நுண்துகளை அத்தகைய எதிர்ப்பொருளோடு பிணைத்து, உயிர்ச் செல்களை நெடுநாள் தொடர்ந்து நோக்கும் முறையை 2007-இல் வெளியிட்டனர்.

4. ஒரு பொருளுக்குப் பல பெயர். ஒரு பெயருக்குள் இரு பொருள்

மார்ட்டாலின் என்று ஒரு குழு அழைத்த அதே புரதத்தைக் குளுக்கோஸ் பட்டினியில் பெருகுவது கண்டு ஜி.ஆர்.பி. 75 என்று ஒரு குழுவும், பெப்டைடுகளைப் பற்றுவது கண்டு பி.பி.பி. 74 என்று மற்றொரு குழுவும் அழைத்தன. மரபணுப் பட்டியலில் அதன் பெயர் ஹெச்.எஸ்.பி.ஏ. 9. கடையில் எதிர்ப்பொருள் வாங்கச் செல்லும் மாணவன், நான்கு பெயர்களில் விற்பவை நான்கு புரதங்களுக்கு உரியவை என்று மயங்குவதற்கு இடமுண்டு.

இதற்கு எதிரான மயக்கமும் உண்டு. சுண்டெலியில் மார்ட்டாலின் இரு வடிவங்களாக உள்ளது. இரண்டுக்கும் வேற்றுமை இரண்டே அமினோ அமிலங்கள். அவற்றுள் ஒன்று செல்லை முதுமைக்குத் தள்ளுகிறது. மற்றொன்று புற்றுத்தன்மைக்குத் தள்ளுகிறது. அவ்விரண்டு அமிலங்கள் இருக்கும் இடத்தை விட்டு வேறோரிடத்தைப் பற்றும் எதிர்ப்பொருளுக்கு இவ்விரு வடிவங்களும் ஒன்றே. தோளை மட்டும் கண்டவனிடம் முகத்தைப் பற்றிக் கேட்பதால் பயனென்ன?

உறவு இன்னும் தொலைவு செல்கிறது. மைட்டோகாண்டிரியா ஒரு காலத்தில் தனித்து வாழ்ந்த பாக்டீரியா. வேறொரு செல்லுக்குள் புகுந்து குடியமர்ந்து, இரண்டும் ஓருயிராயின என்று லின் மார்குலிஸ் 1967-இல் வாதாடியது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. ஆகவே நம் மைட்டோகாண்டிரியாவின் செவிலிகளுக்குப் பாக்டீரியாவில் நெருங்கிய உறவினர் உண்டு. குஷ்டம், காசம் ஆகியவற்றின் கிருமிகளில் நோய்த்தடுப்பு ஆய்வாளர் நெடுநாள் ஆராய்ந்த 65 கிலோடால்டன் புரதம், நம் மைட்டோகாண்டிரியாவின் ஹெச்.எஸ்.பி. 60 என்னும் மற்றொரு செவிலியின் பங்காளியே. காசக் கிருமியின் அப்புரதத்தினுடைய படிக அமைப்பை ஹைதராபாத்தில் சேகர் மாண்டேயின் குழுவினர் 2004-இல் வெளியிட்டனர். பங்காளிகளின் முகச்சாயல் ஒத்திருக்குமிடத்தில், ஒருவரை அடையாளம் காட்ட வந்த எதிர்ப்பொருள் மற்றவரையும் காட்டிவிடக்கூடும்.

5. பட்டையின் கருமை நெருக்கடியின் அளவன்று

வெஸ்டர்ன் பிளாட் என்னும் முறையைச் சுருங்கச் சொல்கிறேன். செல்களைக் கரைத்து, அதிலுள்ள புரதங்களை ஜெல்லில் மின்சாரத்தால் ஓடவிட்டு எடைவாரியாகப் பிரித்து, ஒரு சவ்வுத்தாளுக்கு மாற்றி, வெற்றிடங்களில் எதிர்ப்பொருள் வீணே ஒட்டாதிருக்கக் கொழுப்பு நீக்கிய பால்மாவுக் கரைசலில் ஊறவைத்து, முதல் எதிர்ப்பொருளை இட்டுக் கழுவி, அதனைப் பற்றும் இரண்டாம் எதிர்ப்பொருளை இட்டுக் கழுவி, அது உண்டாக்கும் ஒளியைப் பதிவுசெய்தால், நாம் தேடிய புரதம் இருக்குமிடத்தில் ஒரு கரும்பட்டை தோன்றும். மார்ட்டாலினாயின் அது ஏறக்குறைய 75 கிலோடால்டன் உயரத்தில் நிற்கும்.

பட்டை கறுத்தால் நெருக்கடி மிகுந்தது என்று உடனே எழுதிவிட ஆசை எழும். ஆனால் செல்லில் மைட்டோகாண்டிரியாவின் எண்ணிக்கையே இரட்டித்திருந்தால், ஒவ்வொன்றும் நலமாக இருக்கும்போதே இப்பட்டையும் கறுக்கும். எனவே நெருக்கடியால் எளிதில் மாறாத மற்றொரு மைட்டோகாண்டிரியப் புரதத்தையும் அதே தாளில் அளந்து, இரண்டின் விகிதத்தைப் பார்க்கவேண்டும். குடித்தனங்கள் பெருகிய தெருவில் அரிசி அதிகம் விற்றால், மக்கள் பெருந்தீனிக்காரர் ஆகிவிட்டனர் என்று எந்தக் கடைக்காரரும் முடிவு கட்டமாட்டார்.

6. சாட்சியைச் சோதிக்கும் ஐந்து தூண்கள்

என் ஆய்வுக்கூடத்திலேயே நிகழ்ந்த ஒன்றைச் சொல்ல நான் கூசவில்லை. விலைக்கு வாங்கிய மார்ட்டாலின் எதிர்ப்பொருள் குப்பியொன்று பல மாதங்கள் அழகிய பட்டையைக் காட்டிவந்தது. நாங்களும் வரைபடங்கள் வரைந்து மகிழ்ந்திருந்தோம். ஒருநாள் என் மாணவி ஒருத்தி, இப்புரதத்தின் மரபணுவை முடக்கிய செல்களை ஜெல்லின் அடுத்த தடத்தில் ஓடவிட்டாள். புரதம் குறைந்த அத்தடத்திலும் பட்டை சற்றும் குறையாது நின்றது. நாங்கள் அத்தனை காலம் அளந்தது, ஏறக்குறைய அதே எடையுடைய, மைட்டோகாண்டிரியாவுக்கு வெளியே வாழும் வேறொரு பங்காளியை. விற்றவரைக் குறை சொல்லி ஒரு கடிதம் எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். அந்தத் தடத்தை முதல் நாளே ஓட்டியிருக்க வேண்டியவன் நான்.

இத்தகைய அனுபவம் என் ஒருவனுடையதன்று. 2015-இல் பல நாட்டு விஞ்ஞானியர் நூற்றுவருக்கு மேல், ஆய்வுக்கு வழங்கும் எதிர்ப்பொருள்களுக்குத் தரநிர்ணயம் வேண்டுமென்று நேச்சர் இதழில் கையொப்பமிட்டு முறையிட்டனர். அடுத்த ஆண்டு ஒரு சர்வதேசக் குழு ஐந்து சோதனைகளை வகுத்து, அவற்றைத் தூண்கள் என்று குறித்தது. மரபணுவை நீக்கினால் அல்லது முடக்கினால் குறி மறைகிறதா, குறைகிறதா என்று பார்ப்பது முதலாவது. எதிர்ப்பொருளைச் சாராத வேறொரு முறையால் அளந்து ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. அதே புரதத்தின் வேறோரிடத்தைப் பற்றும் மற்றோர் எதிர்ப்பொருளும் அதையே சொல்கிறதா என்று பார்ப்பது மூன்றாவது. புரதத்தோடு ஓர் அடையாளத் துண்டை இணைத்து, இரு குறிகளும் ஓரிடத்தில் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நான்காவது. எதிர்ப்பொருள் பற்றி இழுத்துவந்தது எந்தப் புரதம் என்று நிறைமானியில் இட்டு நேரே அறிவது ஐந்தாவது. ஐந்தும் எல்லா ஆய்வுக்கூடத்தாலும் இயலாது. ஒன்றேனும் செய்யாமல் எழுதிய முடிவை நான் நம்புவதில்லை.

மாணவர்களே, ஒரு பாதியைக் கண்டது பிழையன்று. எதிர்ப்பொருளும் வேறு வழியறியாது. நேற்று கூட்டம் சற்று விலகியதும் நான் இரண்டடி நகர்ந்து நின்று மறுபாதியையும் தரிசித்தேன்; அந்த இரண்டடி நகர்வதற்குப் பொறுமை வேண்டியிருந்ததே தவிர, வேறு கருவி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. உங்களுள் சிலர் நாளை ஆய்வுக்கூடங்களுக்குச் செல்வீர்கள். உங்கள் ஜெல்லில் பத்துத் தடங்கள் இருக்குமாயின், தேடும் புரதம் இல்லாத அல்லது மிகக் குறைந்த செல்லுக்கென்று அவற்றுள் ஒன்றை ஒதுக்குங்கள்; அந்தத் தடத்தில் பட்டை மங்குவதைக் கண்ட பிறகே மற்ற ஒன்பதைப் படியுங்கள். இவ்வுரையில் வேறெதுவும் உங்கள் நினைவில் தங்காவிடினும், அந்த ஒரு தடம் தங்கினால் போதும்.